தற்காலிக வதிவிடம்: படகு

1

போன கிழமை என் தபால்பெட்டியில் ஒரு கடிதம் கிடந்தது. அனுப்பியவர் பக்கத்து வீட்டுக்காரர். அவருடைய வாசலுக்கும் என்னுடைய வாசலுக்கும் நடுவில் இருப்பது ஒரு துண்டுப் புல்தரை. தும்மினால் கேட்கும். ஆனாலும் மனிதர் முத்திரை ஒட்டித் தபாலில் போட்டிருக்கிறார். அது நகரம் முழுக்கச் சுற்றி இரண்டு நாள் கழித்து என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. விஷயம் இவ்வளவுதான்: எல்லையில் இடுப்பளவு உயரத்தில் ஒரு மரவேலி போட விரும்புகிறாராம். எனக்கு ஆட்சேபம் இருந்தால் எழுத்தில் அறிவிக்கவேண்டுமாம். வேலியின் படம், நீளம், பூசப்போகும் நிறம் எல்லாவற்றையும் இணைத்திருந்தார். நிறம் சாம்பல். பேர்கன் நகரத்தில் வேறு நிறத்தை வானமே அனுமதிப்பதில்லை.

நான் நோர்வேக்கு வந்து முப்பத்துமூன்று வருசம். முதல் ஏழு வருசம் வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் நின்றேன். திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவனுக்கு மீன் வெட்டத் தெரியாது என்பதை அங்கேதான் கண்டுபிடித்தார்கள். “நான் மீன் ஊரிலிருந்து வந்தவன்” என்று அவர்களுடைய பாஷையில் சொல்லப்போய், “நான் மீன்” என்று சொல்லி முடித்துவிட்டேன். அடுத்த ஒரு மாதம் காலையில் என்னைக் கண்டவர்கள் எல்லோரும் தண்ணீர் எப்படி, குளிரா என்று விசாரித்தார்கள். பிறகு பேர்கனுக்கு வந்து ஒரு பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலை. குழாய் ஒழுகினால் நான். கதவு இறுகினால் நான். இருபத்தாறு வருசமாக மழைக்கோட்டை ஆணியில் மாட்டுவதும் எடுப்பதுமாகப் போகிறது.

ஊரில் இருந்து இதை வாசிக்கிற நீங்கள், அந்த வேலிக் கடிதத்தைப் பார்த்து நான் வயிறு குலுங்கச் சிரித்திருப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஏனென்றால் இந்த வருசம் தைமாதம் நானும் ஒரு மதில் கட்டுவித்தேன், திருகோணமலையில், எங்கள் வளவைச் சுற்றி. ஒரு குருவியைக்கூடக் கேட்கவில்லை. கட்டி முடிந்த பிறகுதான் உறைத்தது, இன்னொருவருடைய படகை உள்ளே வைத்துக் கட்டிவிட்டேன் என்று.

2

எங்கள் வீடு துறைமுகப் பக்கம். கடலுக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு றோட்டும் ஒரு சின்ன ஒழுங்கையும்தான். வீட்டில் அக்கா தனியாக இருக்கிறா. கலியாணம் கட்டாதவ. முப்பத்தைந்து வருசம் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவ. ஊரில் அவவுக்கு டீச்சர் என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. தபால்காரர்கூட வாசலில் நின்று “டீச்சர்” என்றுதான் கூப்பிடுவார்.

கார்த்திகையில் அடித்த புயலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வரவில்லை. நீங்கள் அதற்குள் இருந்தவர்கள். நான் இங்கே மேசையில் கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு, வரைபடத்தில் சுழன்ற அந்த வெள்ளை வட்டத்தைப் பார்த்து நகம் கடித்தவன். அக்கா பின்வீட்டுக் கொங்கிறீற் கட்டடத்துக்குள் ஒதுங்கித் தப்பினா. காற்று அடங்கித் தொடர்பு வந்ததும் அவ சொன்ன முதல் வசனம் இன்னும் காதில் நிற்கிறது.

“தம்பி, ஓடு போச்சு. குசினி போச்சு. மதில் போச்சு. ஒரு படகு வந்திருக்கு.”

“என்ன வந்திருக்கு?”

“படகு. கிணத்தடியில நிக்குது. ஒழுங்கா நிப்பாட்டி வைச்ச மாதிரி நிக்குது. உள்ளுக்க ஒரு வாளியும் ஒரு நண்டும் இருக்கு. நண்டு உயிரோட.”

பதினெட்டு அடி நீளப் பைபர் படகு. நீல நிறம். கடல் அதை றோட்டைத் தாண்டி, ஒழுங்கையைத் தாண்டி, விழுந்த மதிலின் மேலால் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வளவில் இறக்கியிருக்கிறது. எங்கள் வேப்பமரம் குசினிக்கு மேல் விழுந்தது. படகுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மூன்றாம் நாள் படகின் சொந்தக்காரர் வந்தார். பெயர் நஸார். ஊர் கிண்ணியாப் பக்கம், குறிஞ்சாக்கேணி. புயல் வருகுது என்றதும், தன்னுடைய ஊரைவிட டவுண் பக்கம் பாதுகாப்பு என்று நம்பிப் படகை இங்கே கொண்டுவந்து கட்டிவிட்டு, எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். நடந்த கதையை அக்கா எனக்கு வரி பிசகாமல் ஒப்புவித்தா.

“டீச்சர், மன்னிச்சுக்கொள்ளுங்க. என்ட போட் உங்கட மதில உடைச்சுப்போட்டுது.”

“ஐயோ, மதில் முதலே விழுந்திட்டுது. உங்கட படகு பிறகுதான் வந்தது. எங்கட வேம்பு உங்கட படகில விழாமல் விட்டதுக்கு நான்தான் கடவுளுக்கு நன்றி சொல்லவேணும்.”

இப்படி ஆளுக்காள் மன்னிப்புக் கேட்டு முடியவே ஒரு தேத்தண்ணி நேரம் ஆகியிருக்கிறது. அதற்குள் நஸார் கவனித்துவிட்டார். படகுக்கு மேலே தறப்பாள் கட்டியிருந்தது. உள்ளே ஒரு மெத்தை, ஒரு காஸ் அடுப்பு, இரண்டு சட்டி, அக்காவின் மூக்குக்கண்ணாடி. நிலமெல்லாம் முழங்கால் தண்ணி, வீட்டுக்குக் கூரையில்லை. அந்த வளவில் காய்ந்த இடம் படகு ஒன்றுதான். அக்கா அதற்குள் குடிபோயிருந்தா.

படகை எடுக்க வந்த மனுசன் அதைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“இரிக்கட்டும் டீச்சர். அவசரமில்லை. கடலும் இப்ப சரியில்லைதானே.”

அந்த ஒரு வசனத்தால் மனிதர் ஆறு மாதம் அவதிப்பட்டார்.

3

ஊர் எப்படி எழும்பி வருகிறது என்று அக்கா ஒவ்வொரு நாளும் குரல் பதிவு அனுப்புவா. செய்தி வாசிப்பது மாதிரித் தேதி சொல்லித்தான் தொடங்குவா. முதலில் எழும்பியது தேத்தண்ணிக்கடை. கூரை வருவதற்கு முன்பே அடுப்பு வந்துவிட்டது. பிறகு நிலாவெளி பஸ். பிறகு கரண்ட், அதுவும் ஒழுங்கைக்கு ஒழுங்கை முறை வைத்து. “எதிர் ஒழுங்கைக்கு வந்திட்டுது, எங்களுக்கு வரேல்லை” என்று அக்கா சொன்ன விதத்தில் இருந்த கோபம், புயல் அடித்தபோதுகூட அவவுக்கு வரவில்லை. சல்லிக் கிராமத்துப் பக்கம் கருவாடு காயப்போடத் தொடங்கிவிட்டார்கள் என்பதைக் காற்றே வந்து சொன்னதாம். டவுணில் திரிகிற மான்கள் இரண்டு, கூரையில்லாத எங்கள் ஹோலைத் தங்களுக்கு ஒதுக்கிய இடம் என்று எடுத்துக்கொண்டு, அலுமாரிக்குப் பக்கத்தில் படுத்து அசைபோட்டிருக்கின்றன. அக்கா அவற்றுக்கும் டீச்சர்தான். “வெளியில போங்கோ” என்று சொன்னால் எழும்பிப் போகுமாம்.

மார்கழியில் சேதம் பதிய ஓர் அதிகாரி வந்தார். எந்தக் கந்தோர் என்பது இங்கே தேவையில்லை. நல்ல இளம் பிள்ளை, கையில் நீளமான படிவம். ‘தற்போது வசிக்கும் இடம்’ என்று ஒரு கேள்வி. உறவினர் வீடு, நலன்புரி நிலையம், கூடாரம், மற்றவை. அக்கா மற்றவையைக் காட்டினா. பிள்ளை படகைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், எழுதினார்: ‘தற்காலிக வதிவிடம்: படகு.’ எழுதி ஒப்பமும் வாங்கிக்கொண்டார். கூரைக்கான உதவி வரும், ஆனால் அதற்கு முன் இன்னொருமுறை வந்து பார்ப்பார்களாம். அப்போது பயனாளி பதிந்த தற்காலிக வதிவிடத்திலேயே இருக்கவேண்டும். இல்லாவிட்டால் வேறு ஏற்பாடு கிடைத்துவிட்டது என்று அர்த்தமாம். கோவையை, அதாவது அந்தப் பைலையே, மூடிவிடுவார்களாம்.

இனி என்னுடைய வீரத்தைச் சொல்கிறேன்.

கூரை பறந்த வீட்டுக்கு வெளிநாட்டில் இருக்கிற தம்பி முதலில் என்ன செய்திருக்கவேண்டும்? கூரை போட்டிருக்கவேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள். உலகத்தில் எந்தச் சனமும் அப்படித்தான் சொல்லும். ஆனால் நான் எங்கட ஆள் அல்லவா! மதில் விழுந்துவிட்டது என்று கேட்ட நிமிசத்தில் இருந்து எனக்கு நித்திரை இல்லை. எல்லை திறந்து கிடக்கிறது. பக்கத்துக் காணிக்காரர் நல்லவர்தான், நாற்பது வருசப் பழக்கம்தான். ஆனாலும் ஒரு தென்னம்பிள்ளையைத் தெரியாத்தனமாக எங்கள் பக்கம் நட்டுவிட்டால்? ஒழுங்கையில் போகிறவர்கள் வளவுக்குள்ளால் குறுக்குப்பாதை பழகிவிட்டால்? முப்பத்துமூன்று வருசமாக நான் மிதிக்காத மண்ணில் அரை அடி போனால் என் உயிர் போன மாதிரி.

“அக்கா, கூரைக்குத்தான் உதவி வருகுதே. நாங்கள் முதலில மதிலைக் கட்டுவம்.”

“வீட்டுக்குள்ள மழை பெய்யுது தம்பி.”

“நீங்கள்தான் படகுக்குள்ள இருக்கிறீங்களே.”

ஓம், இதை நான் என் வாயால் சொன்னேன். மேசனைத் தொலைபேசியில் பிடித்து நூல் கட்டுவதை வீடியோவில் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக் கொதிகலன் அறைக்குள் ஒளிந்து நின்றுகொண்டு, “இடப்பக்கம் இரண்டு அங்குலம் தள்ளு” என்று கத்தினேன். ஆறரை அடி மதில், மேலே உடைத்துப் பதித்த போத்தல் ஓடு. முன்னால் ஒரு சின்னக் கேற். அதற்குள்ளால் அக்கா குடையை விரித்தபடி போகமுடியாது, மடக்கவேண்டும்.

கடைசிக் கல்லை வைத்த அன்றைக்கு நஸார் தயிர்ச்சட்டியோடு வந்திருக்கிறார். கிண்ணியாத் தயிரை எருமைக்கு மரியாதை கொடுத்துச் சாப்பிடவேண்டும் என்பார்கள். அவர் கிழமைக்கு ஒருமுறை அக்காவுக்கு ஒரு சட்டி கொண்டுவருவார், படகைத் தடவிப் பார்ப்பார், தேத்தண்ணி குடிப்பார், போவார். அன்றைக்கு மதிலைச் சுற்றி ஒருமுறை நடந்தாராம். கேற்றின் அகலத்தைக் கையால் சாண் போட்டாராம்.

“நல்ல உறுதியாத்தான் கட்டியிருக்கிறாங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போனாராம். அக்கா இதை எனக்குப் பாராட்டு என்று அறிவித்தா. நானும் பாராட்டு என்றே வாங்கிக்கொண்டேன்.

4

சித்திரை கழிந்து ஒரு காலை, நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இருக்கிற வாங்கில் ஒன்றுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது நஸார் தொலைபேசி எடுத்தார். இலக்கத்தை அக்காவிடம் வாங்கியிருக்கிறார்.

“அண்ணன், ஒண்டுமில்லை. சும்மா சுகம் விசாரிக்கத்தான் எடுத்த நான்.”

சுகம் விசாரித்தார். பேர்கனில் மழை பெய்கிறதா என்று கேட்டார். ஓம் என்றேன். எப்போது விடும் என்று கேட்டார். இருபத்தாறு வருசமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். பிள்ளைகளைக் கேட்டார், இங்கே மீன் என்ன விலை என்று கேட்டார், பனியில் நடந்தால் கால் எப்படி இருக்கும் என்று கேட்டார். விடைபெறுகிற நேரம் குரல் கொஞ்சம் தணிந்தது.

“வேற என்ன அண்ணன்... கடல் படுத்திட்டுது.”

எங்கள் கரையில் கார்த்திகையிலிருந்து மாசிவரை கொந்தளிக்கும் கடல், சித்திரைக்குப் பிறகு படுக்கும். அதுதான் மீன்பிடிக்கிற பருவம். ‘என் படகைத் தாருங்கள்’ என்று எங்கள் பக்கத்து மனுசன் ஒருவர் இதைவிடத் தெளிவாகக் கேட்கமாட்டார். எனக்கு முழுக்க விளங்கியது.

“ஓம் ஓம். நல்லது, நல்லது” என்றேன். அவ்வளவுதான் என் பதில்.

“நீங்க இப்ப தொழிலுக்கு என்ன செய்யிறீங்க?” என்று மட்டும் கேட்டேன்.

“நிலாவெளியில கரைவலை இழுக்கிறன் அண்ணன். மத்தாக்கள்ட வலைக்கு ஒரு ஆளா நிக்கிறன். காலம்பற போனா கிடைக்கிற பங்கு வீட்டுக்குக் காணாது. மூத்த மகளுக்கு இந்த வருசம் சோதினை.” கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். “இந்தப் பருவமும் போனா எஞ்சினை விக்கத்தான் வேணும். எஞ்சினை வித்தா பிறகு போட் வந்தென்ன, வராட்டி என்ன. நீங்க டீச்சரிட்ட ஒண்டும் சொல்லிப்போடாதீங்க. அவ பாவம், கூரையில்லாம இரிக்கிறா.”

அன்று பின்னேரமே அக்காவை எடுத்தேன். சொல்லத்தான் எடுத்தேன், சத்தியமாக. ஆனால் அவ முந்திக்கொண்டா.

“தம்பி, அந்த நஸார் எவ்வளவு நல்ல பிள்ளை! எனக்காகப் படகை விட்டுவைச்சிருக்கிறார். நான் எடுங்கோ எண்டு சொன்னால், ஏதோ துரத்துற மாதிரி எல்லே இருக்கும்? நானும் பேசாமல் இருக்கிறன். அவருக்கும் வேற தொழில் இருக்காம்.”

சொன்னால் மதிலை இடிக்கவேண்டும். நூல் பிடித்துக் கட்டிய மதில்! படிவமும் இருக்கிறது. படகு போனால் கோவை மூடும், அக்காவுக்குக் கூரை போகும். நான் வாயைத் திறந்து, “அங்க வெயிலோ?” என்று கேட்டேன்.

இது போதாதென்று எங்கள் ஊர்ச் சங்கம். பேர்கனில் திருகோணமலைக்காரர் ஒரு கைப்பிடி, அதற்கு ஒரு சங்கம், அதற்கு நான் செயலாளர். படகுக்குள் அக்கா அரிசி களைகிற படத்தைக் கூட்டத்தில் காட்டப்போய் வினையை வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதைப் புயல் நினைவுச்சின்னமாக அங்கேயே நிறுவவேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம்! சுற்றிவரச் சங்கிலி, ஒரு கல்வெட்டு, அதில் நிர்வாகசபை முழுப்பேரின் பெயரும். பெயர்களை எந்த ஒழுங்கில் வெட்டுவது என்ற இடத்தில் சபை இரண்டாக உடைந்தது. பொருளாளர் கதிரையைத் தள்ளிவிட்டு வெளியேறினார். படகுக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார் என்பது அந்த மூன்று மணித்தியாலத்தில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. எனக்கு வந்தது. சொல்லவில்லை.

வேலையிடத்தில் ஆர்னே என்றொரு சகபாடி. என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டார். முழுக்கதையும் சொன்னேன். கோப்பியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

“அந்த மனிதருக்குப் படகு வேண்டும். உன் அக்கா கொடுக்கத் தயார். பிரச்சினை என்ன?”

“ஒருவருக்கொருவர் சொல்லமுடியாது.”

“ஏன், சண்டையா?”

“இல்லை. அவ்வளவு நல்ல மரியாதை.”

ஆர்னே எழும்பிப்போய் இன்னொரு கோப்பி ஊற்றிக்கொண்டு வந்தார்.

5

என் மகள் சாயினிக்குப் பதினாறு வயது. இங்கே பிறந்தவள். சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளிக்கு ஒன்பது வருசம் இழுத்துக்கொண்டு போனேன். பலன்: தமிழ் கதைப்பாள், ஆனால் ஊருலகத்தில் எல்லோருக்கும் நீதான். கோயில் ஐயருக்கும் நீ. நோர்வேயில் பிரதம மந்திரிக்கும் பக்கத்து வீட்டு நாய்க்கும் ஒரே சொல் என்பதால், ‘நீங்கள்’ என்கிற மரியாதைப் பன்மை அவளுடைய மண்டைக்குள் ஏறவே இல்லை. “பிள்ளை கைவிட்டுப் போகுது” என்று மனைவியிடம் எத்தனை முறை மூக்கால் அழுதிருப்பேன்!

ஒரு ஞாயிறு, அக்காவோடு வீடியோ. நான் தொட்டியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். சாயினி மேசையில் இருந்து மாமியிடம் பள்ளிக்கூடக் கதை சொல்லிக்கொண்டிருந்தவள், சடாரென்று ஒன்றைச் சொன்னாள்.

“மாமி, நீ அந்த போட்டைக் குடு.”

எனக்குக் கையிலிருந்த சட்டி நழுவியது.

“அந்த மாமாவுக்கு போட் வேணும். அவர் வேற ஆக்கள்ட வலை இழுக்கிறார். காணாது. இனி எஞ்சினை விக்கப்போறார். உனக்குச் சொல்ல அவருக்கு வெட்கம். அப்பாவுக்குத் தெரியும். அப்பாவுக்குச் சொல்லப் பயம், ஏனெண்டால் அந்தச் சுவர் அப்பாட பிழை.”

நான் ஆர்னேயோடு பிறகொருநாள் தொலைபேசியிலும் புலம்பியதைப் பக்கத்து அறையில் இருந்து கேட்டிருக்கிறாள், பிசாசு!

திரையில் அக்காவின் முகம் அப்படியே நின்றுவிட்டது. தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்து நான் சந்தோசப்பட்டேன். அறவில்லை.

“பிள்ளை, கொப்பர் நிக்கிறாரோ அங்க?”

“ஓம். சட்டி கழுவுறார்.”

“சட்டியை வைச்சிட்டு வரச்சொல்லு.”

ஈரக்கையோடு போய் நின்றேன். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. எட்டாம் வகுப்பில் பூச்சியம் வாங்கிக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது.

“உனக்குத் தெரியுமோ தெரியாதோ?”

“தெரியும் அக்கா.”

“எப்ப இருந்து?”

“சித்திரை முடிஞ்சதில இருந்து...”

“ஒரு மனுசன்ட சீவனத்தை எடுத்து வளவுக்குள்ள பூட்டிவைச்சிட்டு, அவர் கொண்டுவாற தயிரையும் வாங்கித் திண்டுகொண்டு இருந்திருக்கிறன். ஊர் என்னைப் பார்த்து என்ன நினைச்சிருக்கும்! கூரையில்லாத வீட்டுக்கு மதில் மதில் எண்டு என்ட உயிரை எடுத்தாய். நானும் உன்ட கதையைக் கேட்டன் பார்!”

“அக்கா, படிவம் இருக்கு. படகு போனால் கூரை கிடைக்காது.”

“கூரை இல்லாமல் ஆறு மாசம் இருந்தனான். இன்னும் இருக்க ஏலும். கடல் அவருக்காகப் பார்த்துக்கொண்டு நிக்குமோ?” அக்கா கதிரையை விட்டு எழும்பினா. “நீ மேசனைக் கூப்பிடவேண்டாம். நானே இடிக்கிறன்.”

வைத்துவிட்டா. சாயினி என்னைப் பார்த்தாள்.

“நான் பிழையாச் சொன்னேனா?”

“இல்லை” என்றேன். “எல்லாம் சரியாத்தான் சொன்னாய்.” எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல இருந்தது. கையெல்லாம் சவர்க்காரம்.

6

அக்கா நஸாருக்கு அறிவித்துவிட்டு, சொன்ன மாதிரியே செய்தா. அலவாங்கை எடுத்து என் மதிலில் முதல் குத்து அவதான் குத்தினா. ஒரு துண்டு சீமெந்துப் பூச்சு விழுந்தது. மிச்சத்தை நஸாரோடு வந்த ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். நிலாவெளிக் கரைவலைக்காரர், பதினான்கு பேர். அவர்களுக்குள் வயதானவர், எல்லோருக்கும் அண்ணன் முறையான இப்றாகீம் காக்கா. வலை இழுக்கும்போது அம்பா சொல்லுகிறவர், அதாவது அவர் ஓரடி பாட மற்றவர்கள் ஏலேலோ போட்டு இழுப்பார்கள். அம்பாவில் யாரை வேண்டுமானாலும் நக்கலடிக்கலாம், கோபிக்கக்கூடாது என்பது கரைச் சட்டம்.

கொதிகலன் அறையில் நின்று வீடியோவில் பார்த்தேன். படகைத் தூக்கித் தோளில் வைத்ததும் காக்கா தொடங்கினார்:

“கூரையில்லா வீட்டுக்கு — ஏலேலோ!
கோட்டை மதில் என்னத்துக்கு — ஏலேலோ!
நோர்வேயில இரிந்துகொண்டு — ஏலேலோ!
நூல் பிடிச்ச அண்ணனுக்கு — ஏலேலோ!
போத்தல் ஓடு குத்தாதோ — ஏலேலோ!”

எட்டு நிமிசம். ஆறு மாதம் கிடந்த படகு எட்டு நிமிசத்தில் தண்ணீருக்குள் நின்றது. எஞ்சின் பூட்டி ஒரே இழுவையில் இயங்கியது. நஸார் திரும்பிப் பார்க்காமல் போனார் என்று அக்கா சொன்னா. திரும்பினால் அழுதிருப்பார் என்றும் அவதான் சொன்னா. அந்தப் பதினான்கு பேரும் போகுமுன், தறப்பாளை எடுத்துக் கூரையில்லாத ஹோலுக்கு மேலால் இழுத்துக் கட்டிவிட்டார்கள். கயிறு இழுக்கிறவர்கள் கட்டிய முடிச்சு, காற்றுக்கு அசையவில்லையாம்.

ஐந்தாம் நாள் அதிகாரியிடமிருந்து தகவல்: நாளை மத்தியானம் இரண்டாம் பார்வைக்கு வருகிறார்.

“உள்ளதைச் சொல்லுறன், கோவையை மூடட்டும்” என்றா அக்கா. பொய் சொல்லுங்கோ என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை. வீட்டில் அவவிடம் நான் கணக்குப் படித்தவன். ஒரு விடையை அழித்து எழுதினாலே அடிப்பா.

7

அடுத்த நாள் எனக்குக் காலை, அக்காவுக்கு மத்தியானம். வீடியோவை எடுத்து, கைத்தொலைபேசியைக் கிணற்றுக்கட்டில் சாத்திவைத்துவிட்டு அக்கா கதிரையில் இருந்தா. சேலை மாற்றி, தலை வாரி, தண்டனைக்குத் தயாராக இருந்தா.

முதலில் சத்தம்தான் கேட்டது. ஏலேலோ.

மதில் இடைவெளிக்குள்ளால் நீல மூக்கு ஒன்று நுழைந்தது. தோளில் படகோடு பதினான்கு பேர், முன்னால் நஸார். படகைப் பார்க்க அதிகாரி வருகிற செய்தி தேத்தண்ணிக்கடை வழியாக நிலாவெளிக்கும் போயிருக்கிறது. கால்களெல்லாம் ஈரமணல், படகு தண்ணீர் சொட்டுகிறது. இந்தமுறை நஸார் ஒருவரையும் கேட்கவில்லை. அவசரமில்லை, இருக்கட்டும் என்ற கதை ஒன்றும் இல்லை. கிணற்றடியில் பழைய இடத்திலேயே இறக்கிவிட்டுச் சொன்னார்:

“ஏறுங்க டீச்சர். கந்தோர் ஐயா சந்திக்கு வந்திட்டார்.”

“என்ன விளையாட்டு இது?”

“ஏறுங்க டீச்சர்!”

அக்கா யாருக்கும் கீழ்ப்படிந்து நான் பார்த்ததில்லை. கதிரையில் ஏறி, அதிலிருந்து படகுக்குள் இறங்கி, நடுப்பலகையில் போய் இருந்தா. ஒருவர் குடையை விரித்துக் கையில் கொடுத்தார். இரண்டு நிமிசத்தில் அதே இளம்பிள்ளை, அதே நீளப் படிவம்.

“டீச்சர், நீங்கள் இன்னும் இங்கதானோ இருக்கிறீங்கள்?”

அக்கா ஒரு கணம் யோசித்தா. “இப்ப நான் இருக்கிறது இங்கதான். உங்களுக்குத் தெரியுதுதானே.”

அதிகாரி உள்ளே எட்டிப் பார்த்தார். வலை. வலைக்குள் அன்றைய சூடைமீன். ஒன்று துள்ளி அக்காவின் சேலையில் விழுந்தது.

“இது?”

“மத்தியானச் சமையல்.”

“வலையோடயோ டீச்சர்?”

பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தார்கள். அதிகாரி அவர்களின் கால்களைப் பார்த்தார், மதில் இடைவெளியைப் பார்த்தார், ஒழுங்கை நீளத்துக்குச் சொட்டிக் கிடந்த தண்ணீரைப் பார்த்தார்.

“எனக்குத் தந்த கேள்வி ஒண்டுதான்” என்றார் அந்தப் பிள்ளை. “தற்காலிக வதிவிடம் இருக்கா, ஆள் அதில இருக்கிறாவா. வதிவிடமும் இருக்கு, ஆளும் இருக்கிறா.” தாளைப் படகின் விளிம்பில் வைத்தே ஒப்பம் போட்டார். பேனையை மூடிக்கொண்டு நஸாரைப் பார்த்தார். “கெதியாக் கொண்டுபோங்கோ அண்ணை. மீன் பழுதாகப்போகுது.”

அவர் ஒழுங்கை திரும்பும்வரைதான் பொறுத்தார்கள். பிறகு ஒரு ஆரவாரம்! படகு அப்படியே மேலே எழும்பியது, அக்காவோடு.

“இறக்குங்கோ! என்னை இறக்கிப்போட்டுத் தூக்குங்கோ!”

“இரிங்க டீச்சர், கதிரையைக் காணேல்லை!” கதிரை சொன்னவருடைய காலடியில்தான் கிடந்தது.

யாரோ கைத்தொலைபேசியை அக்காவின் கையில் திணித்திருக்கவேண்டும். என் திரையில் குடை, அக்காவின் நாடி, கரண்ட் கம்பி, வானம். அறுபத்தாறு வருசம் அந்தக் கடலுக்கு முன்னால் வாழ்ந்தவ. முழங்காலுக்கு மேல் இறங்கினதில்லை. மீன்காரரோடு விலை பேசியதுதான் அவவுக்கும் கடலுக்கும் உள்ள உறவு.

“அக்கா, கவனம்! பிடிச்சுக்கொண்டு இருங்கோ! குடையை மடக்குங்கோ!” என்று நான் பேர்கனில் நின்று கத்துகிறேன். எஞ்சின் சத்தம் கேட்டது. தண்ணீர் ஒருமுறை திரையில் அடித்தது. அதோடு அக்கா சிரிக்கிற சத்தம். முப்பத்துமூன்று வருசமாக அக்கா தொலைபேசியில் எனக்குச் சொன்னது பிரசர், கால்வலி, செத்தவீடு, மருந்துச் சிட்டை. இப்படிச் சிரித்துக் கேட்டதே இல்லை. என் கண் நிறைந்துவிட்டது.

“தம்பி, வை நீ. நான் பிறகு எடுக்கிறன்” என்றா. வைத்தேவிட்டா.

கொதிகலன் அறையை விட்டு வெளியே வந்தேன். வாசலில் ஆர்னே. என் கண்ணீரைப் பார்த்து முகம் கறுத்துப்போய், வீட்டுக்கு என்ன என்று கேட்டார்.

“வீடு கடலில் போகிறது” என்றேன். “அக்காவும் உள்ளே இருக்கிறா.”

மனிதர் பதறிப்போய் என்னைக் கையைப் பிடித்து வாங்கிலில் இருத்தினார், தண்ணீர் எடுக்க ஓடினார். பாவம், சந்தோசத்தில்தான் அழுகிறேன் என்று அவருக்கு விளங்கவைக்க எனக்கு மத்தியானம் வரை பிடித்தது.